உண்டியல் தூக்குறதுக்கு முன்னாடி பாரத்தை நிரப்புவோம்

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க.

கோயில் வாட்சாப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "ஃபேக்டரியில கை அடிபட்ட தம்பிக்கு வசூல் பண்ணி ஃபிசியோதெரப்பிக்குக் கட்டினீங்க. பேக்கிங் செக்‌ஷன் அக்காவோட தோளுக்கு மட்டும் ஏன் வசூல் இல்ல? கோயில் காசு எதுக்கு இருக்கு?" கேட்டவருக்குக் கோபம். நியாயமான கோபம்தான். குழுவில் ரெண்டு வரியில் பதில் போட்டால் சண்டையாகும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் பதில் இதுதான். அந்த அக்காவுக்கு வர வேண்டிய பணம் ஒரு காப்புறுதி நிறுவனத்திடம் இருக்கிறது. பதினொரு வருடமாக மாதா மாதம் அவர் கட்டிய பணம். அதைக் கேட்டு வாங்காமல், மாசம் 1,700 வெள்ளி சம்பளம் வாங்குகிற மற்ற குடும்பங்களிடம் தட்டை நீட்டினால், நாங்கள் உதவுவது அக்காவுக்கு இல்லை, அந்தக் கம்பெனிக்கு.

கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். விளக்குகிறோம்.

நம்ம மலையில் உடம்பு வலிக்குப் பஞ்சம் கிடையாது. கொழுந்து வெட்டுகிற மெஷினை ரெண்டு பேர் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறி இறங்குவார்கள். சாக்கு நிறைந்ததும் தோளில் தூக்குவார்கள். ஃபேக்டரிக்குள் வந்தால் வாட்டுகிற தொட்டியில் இலையைக் கிளறுவது, ரோலரில் கொட்டுவது, டிரையர் பக்கம் நிற்பது, சலிக்கிற இடத்தில் தூசியைத் தின்பது. இருபது முப்பது வருடம் இந்த வேலை பார்த்தவருக்குத் தோள், இடுப்பு, முட்டி ஏதாவது ஒன்று போயிருக்கும். மருந்து மாத்திரை கொஞ்ச நாள் கேட்கும். பிறகு டாக்டர் ஃபிசியோதெரப்பி என்று எழுதுவார். அங்கேதான் சிக்கல் ஆரம்பம். ஃபிசியோ என்பது ஒரு நாள் வைத்தியம் இல்லை. வாரம் ஒன்று அல்லது ரெண்டு என்று பத்துப் பன்னிரண்டு தடவை போக வேண்டும். தானா ராத்தா சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கு மேலே பெரிய வைத்தியம் என்றால் நமக்கு ஈப்போதான். சிம்பாங் பூலாய் பாதையில் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். ஸ்கூல் லீவு நேரத்தில் பிரிஞ்சாங் டவுனைத் தாண்டவே ஒரு மணி நேரம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நிர்வாகத்துக்கு நாம் பகாங், வைத்தியத்துக்குப் பேராக். கடுதாசி ஒரு பக்கம் போகும், நோயாளி இன்னொரு பக்கம் போவார்.

முதலில் அந்தத் தம்பி விஷயம். ரோலரில் வலது கை மூன்று விரல் நசுங்கியது வேலை நேரத்தில் நடந்தது. வேலையில் அடிபட்டால் அது பெர்கேசோ. பழைய ஆட்கள் சொக்சோ என்பார்கள். 1969ஆம் வருடத்துச் சட்டம், 1971இல் அமைப்பு தொடங்கியது. அதற்கு முன்னால் 1952 தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இருந்தது. அடிபட்டவன் முதலாளியையே நம்பி நிற்க வேண்டிய காலம் அது. இப்போது அப்படி இல்லை. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 1,700 வெள்ளி சம்பளத்தில் 8 வெள்ளி சொச்சம் பெர்கேசோவுக்குப் பிடிக்கிறார்கள், முதலாளி அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் கட்டுகிறார். அது தர்மம் இல்லை, நீங்கள் முன்கூட்டியே கட்டிய கட்டணம்.

வேலை விபத்து என்று தெரிந்ததும் 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும். பொராங் 21 என்கிற பாரம். ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிற எங்களுக்கு இந்தப் பாரம் மனப்பாடம். தம்பிக்கு அன்று சாயந்திரமே போய்விட்டது. அது போனதால்தான் எம்சியில் இருந்த நாட்களுக்குத் தற்காலிக முடக்கத் தொகை வந்தது, சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்சி இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று நாள் எம்சி எடுத்துவிட்டுக் கைக்கட்டோடு வேலைக்கு ஓடி வருகிற நம்ம ஆட்கள் இதைக் கவனிக்கணும். வீரம் காட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

வைத்தியத்துக்கு விதி இப்படி: பெர்கேசோ பேனல் கிளினிக்குக்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ போனால் நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. பேனல் இல்லாத இடத்துக்குப் போனால் முதலில் நீங்கள் கட்டணும், பிறகு ரிசீட்டோடு திரும்பக் கேட்கணும். அவர்கள் நிர்ணயித்த கட்டணப்படிதான் தருவார்கள், நீங்கள் கட்டிய தொகை முழுசா வரும் என்று நினைக்கக் கூடாது.

தம்பிக்கு ஆபரேஷன் ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரியில் நடந்தது. ஃபிசியோவுக்கு வரிசை நீளம். விரல் விறைத்துப்போய்விடும் என்ற பயத்தில் வீட்டார் அவரை ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு தடவைக்கு 120 வெள்ளி. பதினொரு தடவை. கோயில் வசூல் 1,850 வெள்ளி அதற்கும் வேன் செலவுக்கும் போனது. பிறகு ரிசீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினால், நாலு ரிசீட்டில் தேதி இல்லை. ரெண்டில் "தெரப்பி" என்று ஒரே வார்த்தை. என்ன தெரப்பி, யாருக்கு, எந்தக் கைக்கு, செய்தவர் யார், ஒன்றும் இல்லை. டாக்டர் கொடுத்த பரிந்துரைக் கடுதாசியின் தேதி மூன்றாவது தடவைக்குப் பிறகு. கடைசியில் திரும்பி வந்தது 480 வெள்ளி. அதை அந்தத் தம்பி அப்படியே கோயில் நிதியில் கொண்டுவந்து போட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பெர்கேசோவில் 2007 முதல் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு கேஸ் மேனேஜரைப் போட்டு, ஃபிசியோ, கைத்தொழில் பயிற்சி, செயற்கை உறுப்பு வரைக்கும் அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். மலாக்காவில் 2014 முதல் துன் ரசாக் பெயரில் பெரிய மறுவாழ்வு மையமே நடத்துகிறார்கள். தம்பி அந்தத் திட்டத்துக்குள் போன நாளிலிருந்து சிகிச்சைக்குக் கையிலிருந்து ஒரு காசு செலவில்லை. இப்போது தரம் பிரிக்கிற பகுதியில் வேலை பார்க்கிறார். பேனா பிடிக்கிறார். தேவாரம் பாடும்போது தாளம் இடது கையில்தான்.

வங்காளதேசத்துத் தம்பிகள், நேப்பாளத்துத் தம்பிகள் நம்ம மலையில் நிறைய. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பெர்கேசோ வேலை விபத்துத் திட்டத்துக்குள் இருக்கிறார்கள். அன்னதானத்துக்கு வந்து உட்காருகிற அவர்களில் பல பேருக்கு இது தெரியாது. பக்கத்தில் உட்காருகிறவர் சொல்லுங்க.

இனி அக்காவின் தோள்.

இது வேலை விபத்து இல்லை. தோள் சவ்வு கிழிந்து, மெடிக்கல் கார்டை நீட்டி, ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆச்சு. பேனல் ஆஸ்பத்திரி, கேரண்டி லெட்டர் வந்தது, ஒரு சல்லிக்காசு கட்டவில்லை. எல்லாரும் கார்டைப் புகழ்ந்தோம். டாக்டர் பத்துத் தடவை ஃபிசியோ எழுதிக்கொடுத்தார். வாரம் ரெண்டு தடவை ஈப்போ போய் வர வேனுக்கு 150 வெள்ளி. அதனால் அக்கா மலையிலேயே வீட்டுக்கு வந்து செய்கிற, பதிவு பெற்ற ஒரு ஃபிசியோதெரப்பிஸ்ட்டை வைத்துக்கொண்டார். ஐந்து தடவை ஆனதும் ரிசீட்டை அனுப்பினால், கம்பெனி ஒரே வரியில் பதில் போட்டது: பேனல் இல்லை, ஆகவே கிடையாது. ஏஜெண்டும் அதையே சொன்னார். "அக்கா, பேனல் இல்லேன்னா முடியாதுக்கா." கார்டு வாங்கும்போது "எல்லாமே கவர் ஆகும் அக்கா" என்று சொன்ன அதே ஏஜெண்ட்.

நாங்கள் பாலிசிப் புத்தகத்தைக் கேட்டோம். அக்கா வீட்டில் அது சாமி மேடைக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. ஆங்கிலத்தில் பொடி எழுத்து. எங்களில் எஸ்.பி.எம். படித்தவர்கள் மூன்று பேர், ஒருவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நாலு பேரும் இரண்டு இரவு உட்கார்ந்து படித்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த பிறகு 90 நாளைக்குள், சிகிச்சை செய்த டாக்டர் எழுதிக்கொடுத்தால், தொடர் சிகிச்சைச் செலவு உண்டு என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பேனல் என்ற சொல்லே இல்லை. கேரண்டி லெட்டர் பற்றிய பக்கத்தில்தான் அது வருகிறது.

இதை மட்டும் எல்லாரும் புரிந்துகொண்டால் இந்தப் பதிவு எழுதிய பலன் கிடைத்துவிடும். பேனல் என்பது வேறு, காப்புறுதி வேறு. பேனலுக்குப் போனால் முன்பணம் கட்ட வேண்டாம், கம்பெனி நேரே கட்டும். அவ்வளவுதான். பேனலுக்கு வெளியே போனால் பல பாலிசிகளில் நீங்கள் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கலாம். சிலதில் ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும், சிலதில் கண்டிப்பாகப் பேனல்தான் என்று எழுதியிருக்கும். எது என்று புத்தகம்தான் சொல்லணும், ஏஜெண்ட் வாய் இல்லை.

அக்காவுக்காகக் கடுதாசி எழுதி, அந்தப் பக்கத்தின் நகல், டாக்டரின் பரிந்துரை, ரிசீட்டுகள், ஃபிசியோதெரப்பிஸ்டின் பதிவு எண் எல்லாம் சேர்த்துக் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். இன்றோடு ஐந்து வாரம். பதில் வரவில்லை. வராவிட்டாலும் மறுத்தாலும் அடுத்த படி இருக்கிறது. நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவை என்ற அமைப்பு 2025 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. முன்பு வேறு பெயரில் இருந்ததுதான். 250,000 வெள்ளி வரை உள்ள காப்புறுதித் தகராறுகளைப் பார்ப்பார்கள். நமக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஆனால் முதலில் கம்பெனியிடம் புகார் செய்திருக்கணும், கம்பெனி கடைசி முடிவு சொன்ன ஆறு மாதத்துக்குள் போகணும். "எங்க லா போறது, பெரிய கம்பெனி" என்று உட்கார்ந்திருந்தால் அந்த ஆறு மாதம் ஓடிப்போகும்.

அதனால்தான் வசூல் இல்லை. அக்காவுக்கு மீதி ஐந்து தடவைக்குக் கோயில் நிதியிலிருந்து கைமாற்றாகக் கொடுத்திருக்கிறோம், கம்பெனிப் பணம் வந்ததும் திரும்பிவிடும். வராவிட்டால் அப்போது கமிட்டி பேசும். தம்பிக்கு ஒரு நியாயம் அக்காவுக்கு ஒரு நியாயம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். எண்ணெய் போட்டு உருவிவிடுகிற ஆளிடம் "ஃபிசியோதெரப்பி" என்று ரிசீட் எழுதி வாங்கி அனுப்புகிறவர்கள் உண்டு. அந்தக் கைராசிக்காரர்களை நாங்கள் குறை சொல்லவில்லை, எங்கள் கால் சுளுக்கையே எடுத்துவிட்டவர்கள். ஆனால் அதைக் காப்புறுதியில் கேட்பது பொய். 2016ஆம் வருடத்துச் சட்டம், சட்ட எண் 774, ஃபிசியோதெரப்பிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் போன்றவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. பொய் ரிசீட் கூடினால் பிரீமியம் ஏறும், அதை நாம்தான் கட்டுவோம். பிரீமியம் ஏற்கனவே ஏறிய ஏற்றத்தில், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பரப்பிப் போடச் சொன்னது. அதைத் தாங்க முடியாமல் கார்டையே விட்டவர்கள் நம்ம லயத்திலும் இருக்கிறார்கள்.

ஆனாலும் ஒன்று கேட்கிறோம். பேனல் பட்டியல் போடுகிறவர்கள் மேப்பில் கோலாலம்பூரையும் கிள்ளானையும் பார்த்துப் போடுகிறார்கள். அங்கே தெருவுக்கு ஒரு ஃபிசியோ சென்டர். பேனலுக்குப் போ என்றால் போகலாம். இங்கே பனியில், மண் சரிகிற பாதையில், தைத்த தோளோடு நாலு மணி நேரம் வேனில் குலுங்கிப் போய் அரை மணி நேரம் ஃபிசியோ செய்து வந்தால், செய்த பலன் சிம்பாங் பூலாய் வளைவிலேயே போய்விடுகிறது. இத்தனை கிலோமீட்டருக்குள் பேனல் இல்லை என்றால், பதிவு பெற்ற எந்தத் தெரப்பிஸ்ட்டையும் பேனலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி வேண்டும். பெர்கேசோவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஒரு காலத்தில் தோட்டத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது, டிரெசர் ஐயா இருந்தார். திட்டுவார், ஆனால் இருந்தார். வைத்தியம் தோட்டத்தை விட்டுக் கீழே இறங்கிப் போனது தொழிலாளி கேட்டு நடந்ததில்லை. அந்தத் தூரத்தின் செலவை மட்டும் தொழிலாளி தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

தூரத்தைவிடக் கஷ்டமான ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் குழுவில் எழுத மாட்டார்கள். மனசு வைத்தியம்.

கணவரைச் சாலை விபத்தில் இழந்த ஒரு பெண், ராத்திரி தூங்காமல், பிள்ளையைக்கூடத் தூக்காமல் இருந்தார். முதலில் கோயிலுக்குத்தான் கூட்டி வந்தார்கள். அர்ச்சனை செய்தோம், விபூதி கொடுத்தோம், அதோடு டாக்டரிடமும் கூட்டிப்போகச் சொன்னோம். கவுன்சலிங்குக்கு ஈப்போவில் ஒரு தடவைக்கு 180 வெள்ளி. அவருக்கும் கார்டு இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்தால், விலக்குப் பட்டியலில் மனநோய், நரம்புத் தளர்ச்சி சம்பந்தப்பட்டது எதுவும் கிடையாது என்று போட்டிருக்கிறது. இங்கே பேனலா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. நம்ம நாட்டில் ரொம்பக் கார்டுகள் இப்படித்தான். 2023 தேசிய சுகாதார ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு, ஏறக்குறைய பத்து லட்சம் பேர் என்று வந்தது. பத்து லட்சம் பேருக்கு வருகிற நோயை விலக்குப் பட்டியலில் வைத்துக்கொண்டு, "முழுப் பாதுகாப்பு" என்று படம் போட்டு விற்கிறார்கள்.

இந்தியாவில் 2017 மனநலச் சட்டத்தில், உடம்பு நோய்க்கு எப்படியோ அப்படியே மன நோய்க்கும் காப்புறுதி கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அங்கேயும் கம்பெனிகள் இழுத்தடித்தன. 2021இல் டில்லி உயர் நீதிமன்றம் வரை ஒரு பெண் போய், கம்பெனி கட்டத்தான் வேண்டும் என்று தீர்ப்பு வாங்கினார். அமெரிக்காவில் 2008லேயே இதற்கு ஒரு சட்டம். நம்ம நாட்டில் 2001 மனநலச் சட்டம் இருக்கிறது, தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்குகிற பிரிவையும் 2023இல் எடுத்துவிட்டார்கள், நல்லது. காப்புறுதிக்கும் அதே மாதிரி ஒரு பிரிவு போட்டால் என்ன? அடுத்த தடவை மாலை வாங்கிக்கொள்ள மேடையேறி வருகிற தலைவர்களிடம் இதைக் கேட்கலாம் என்று இருக்கிறோம். கோயில் திருப்பணிக்கு மானியம் கேட்கிறோம் இல்லையா, அதே வாயால்தான்.

அந்தப் பெண் இப்போது அரசாங்க ஆஸ்பத்திரி வழியாகப் பார்க்கிறார், செலவு மிகக் குறைவு. மனசு தாங்காதபோது கூப்பிட 15555 என்ற அரசாங்க எண் இருக்கிறது, 2022 முதல். யாருக்காவது தேவைப்பட்டால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கூட உள்ளவர்களுக்கு இன்னொன்று: மனநல ஆலோசனைச் செலவை வருமான வரியில் 1,000 வெள்ளி வரை கழிக்கலாம். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பேச்சுப் பயிற்சி போன்றவற்றுக்கும் 2023 முதல் வரிக் கழிவு உண்டு. தோட்டத்தில் வரி கட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் நம்ம பிள்ளைகள் கீழே இறங்கிப்போய் நல்ல சம்பளம் வாங்குகிறார்கள், அவர்களுக்கு அனுப்புங்கள்.

ரிசீட் விஷயம் மட்டும் கடைசியாக. வாங்கும்போதே பாருங்கள். பெயர், ஐசி எண், தேதி, என்ன சிகிச்சை, எந்த உறுப்பு, செய்தவர் பெயர், பதிவு எண். இதில் ஒன்று இல்லை என்றாலும் அங்கேயே நின்று எழுதி வாங்குங்கள், வெட்கப்படாதீங்க. டாக்டரின் பரிந்துரைக் கடுதாசி முதல் தடவைக்கு முன்னால் கையில் இருக்கணும். மெஷின் ரிசீட் எழுத்து மூன்று மாதத்தில் மறைந்துவிடும், நம்ம ஊர் ஈரத்தில் அதற்கு முன்னாலேயே பூஞ்சை பிடிக்கும். வாங்கிய அன்றே போனில் படம் எடுங்க, ஒரிஜினலை பிஸ்கட் டின்னில் போட்டு மூடுங்க. சாமி படத்துக்குப் பின்னால் சொருக வேண்டாம், அங்கே சாம்பிராணிப் புகையும் எண்ணெயும்தான்.

வெள்ளிக்கிழமை சாயரட்சை பூஜை முடிந்ததும் எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை கோயில் மண்டபத்தில், அன்னதானக் கூடத்துப் பக்க மேசையில், எங்களில் ரெண்டு பேர் உட்கார்ந்திருப்போம். பாலிசிப் புத்தகம், சம்பளச் சீட்டு, ரிசீட் எது இருந்தாலும் எடுத்து வாங்க. உறை பிரிக்காத புத்தகமும் சரி, பிரித்துக் கொடுக்கிறோம். நகல் எடுக்க ஒரு தாளுக்கு 10 சென் போடணும், மெஷின் மை விலை ஏறிப்போச்சு.